ஆலோசகரின் மேஜைக்குள் போன பட்டு

தோள்கொடுப்போம் மையம் என்று எங்கள் ஊரில் ஒன்று இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கே அரசாங்கம் தோள் கொடுக்குமாம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. அதில் ஒரு பெண் தலை குனிந்து அழுதுகொண்டிருப்பாள், பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் தோளில் விழுந்திருக்கும். அந்தக் கை ஆறுதல் சொல்கிறது என்றுதான் முதல் நாள் நானும் நினைத்தேன். மூன்று வாரம் அலைந்து செருப்பு தேய்ந்த பிறகு சொல்கிறேன், அது அவளைப் படிக்குக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது.

என் பெயர் கமலாட்சி. நானும் என் வீட்டுக்காரர் உமாபதியும் பட்டு நெய்கிறவர்கள். எங்களுக்கு ஒரே மகள், மஹாலட்சுமி, காலேஜில் இரண்டாம் வருஷம். லீவு நாளில் அவளும் தறியில் உட்காருவாள். நெய்துகொண்டே பாட்டும் போட்டுவிடுவாள், தெருவே கேட்கும்படி.

முசரவாக்கத்திலிருந்து விஷால் என்று ஒருவன். வேலை வெட்டி கிடையாது, பைக்கும் கூலிங்கிளாஸும் உண்டு. ஒரு வருஷம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜ் கேட் வரைக்கும் இவள் பின்னாலேயே சுற்றினான். இவள் நின்று, முகத்துக்கு நேராக, "உன்ன எனக்குப் பிடிக்கல, இனிமே வராத"ன்னு சொன்னாள். அது அந்தத் துரைக்குப் பொறுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான். நான் ரேஷன் கடையில் இருந்தேன். வீட்டுக்காரர் சாயம் போட்ட பட்டு வாங்கப் போயிருந்தார். வெளிச்சத்துக்காக வாசல் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். காலேஜ் லீவு, மஹா தறியில் இருந்தாள். அவன் கையில் பேப்பர் வெட்டுகிற கட்டர் பிளேடு. முதலில் அவளைத் தொடவில்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவை, அந்த மஞ்சள் பட்டு இழைகளை, பிளேடால் இழுத்து அறுத்தான். எங்களுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தான், படுபாவி. இவள் குறுக்கே கையை நீட்டினாள். இடது உள்ளங்கை கிழிந்தது. ஏழு தையல்.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு துளசி ஓடி வந்தாள். அவன் பின்கதவு வழியாகப் போய்விட்டான். தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கும் ஜோஹராதான் வெட்டுத் துணியால் மஹா கையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினாள். மறுநாள் மத்தியானம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தார்கள். ஜீப்பில் ஏற்றும்போது கூட நின்றவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "ஜாமீன்ல வந்து மிச்ச இழையையும் அறுக்கறேன்னு சொல்லுங்க." அதைக் கேட்ட நாளிலிருந்து என் மகள் வாசல் கதவைத் திறக்க விடவில்லை. காலேஜ் போகவில்லை. பாட்டு இல்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை ஒரே கேள்வி: "தாழ்ப்பா போட்டியாமா?"

இதற்கு நடுவில் நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். வேறு எந்த ஊர்க்காரனும் அதைச் செய்திருக்க மாட்டான். எங்கள் தெருவில் அறுந்த பாவை வைத்துக்கொண்டு சாயங்கால விளக்கு ஏற்றுகிற வழக்கமில்லை. இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட்டாக வேண்டும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து மகள் பிழைத்துக் கிடப்பதைப் பார்த்தார். வீட்டுக்குப் போனார், தரையில் ரத்தம், தறியில் பாவு தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்து முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். துளசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் எதிர்வீடு, அடுத்த வீடு. மொத்தம் எட்டுப் பேர். ஒருத்தி தரையைக் கழுவிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அறுந்த இழை அத்தனையும் ஒட்டிவிட்டது.

எட்டுப் பேர் கையிலும் போன் இருந்தது. ஒருத்தரும் போட்டோ எடுக்கவில்லை. செத்த வீட்டில் யாராவது போட்டோ எடுப்பார்களா? எங்களுக்கு அறுந்த பாவு அப்படித்தான். ராத்திரி மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, தறி முழுசாக இருப்பதைப் பார்த்து, நானும் துளசி கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், வெட்கக்கேடு.

மறுநாள் காலையில் போலீஸ் வந்து பார்த்தது. தரை பளபளவென்று இருந்தது. தறி கும்மென்று நின்றது. "தறி நல்ல நிலையில் உள்ளது, சேதம் ஏதுமில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். முடிச்சுப் போட்டதை என் வீட்டுக்காரர் சொல்லத்தான் சொன்னார். எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விஷாலின் வக்கீல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பையன் அக்கா கல்யாணத்துக்குச் சேலை ஆர்டர் கொடுக்க வந்தானாம். நூல் கத்தரிக்கிற பிளேடில் பெண்ணே கையைக் கிழித்துக்கொண்டு பழி போடுகிறாளாம். பாவை அறுத்தான் என்கிறார்களே, எங்கே அறுந்த பாவு? மூன்று வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமை ஜாமீன் மனு விசாரணை. அரசு வக்கீல் நல்ல மாதிரி மனுஷி. "தோள்கொடுப்போம் மையத்துலேர்ந்து பாதிப்பு அறிக்கை வாங்கியாங்கம்மா. இன்ன சேதம், இன்ன ஆபத்துன்னு அவங்க எழுதிக் குடுத்தா ஜாமீன நிறுத்திடலாம். வெறுங்கையோட நின்னா அவன் அன்னிக்கு சாயங்காலமே வெளிய வந்துடுவான்" என்றார்.

முதல் இரண்டு வாரம் மையத்தில் என்னை பெஞ்சில் உட்காரவைத்தே அனுப்பினார்கள். ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் பயிற்சி, ஒரு நாள் பயிற்சி முடிந்த களைப்பு. மூன்றாவது வாரத் திங்கட்கிழமை, விசாரணைக்கு ஏழே நாள் இருக்கும்போது, கவுன்டரில் இருந்த அம்சவேணி ஒரு படிவத்தை நீட்டினாள். எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா என்று கேட்டிருந்தது.

"இன்னும் ஒண்ணுமே செய்யலியேம்மா" என்றேன்.

"மாசக் கடைசி ஆன்ட்டி. இத்த ரொப்பினாதான் அடுத்த ஃபார்ம் ஓப்பன் ஆவும்" என்றாள். பாவம், சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மிகவும் திருப்தி என்று டிக் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆலோசகரின் தரிசனம். ஐம்பது வயது இருக்கும். மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க அவர் பொன்னாடை வாங்குகிற போட்டோக்கள். பாதிக்கப்பட்டவர்கள் பெஞ்சில், பொன்னாடை இவருக்கு. என் பேப்பர்களை ஈரத்துணியைத் தொடுகிற மாதிரி இரண்டு விரலால் புரட்டினார்.

"சேதம் இல்லைன்னு போட்டிருக்குதேம்மா."

"அறுத்தான் சார். நாங்கதான் முடிச்சுப் போட்டுட்டோம்."

"ஏன் போட்டீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வீட்டில் குழந்தை விழுந்தால் ஏன் தூக்கினாய் என்று கேட்கிற மனுஷனிடம்? "தறிக்காரங்க சார். பாத்துக்கினு இருக்க முடியாது" என்றேன்.

"சாட்சியத்த அழிச்சிட்டு வந்து எங்கள எழுதச் சொல்றீங்க. எப்பிடி எழுதறது? கண்ணால பாத்தா எழுதலாம். வேணும்னா ஒண்ணு பண்றேன். மறுவாழ்வுத் திட்டத்துல பொண்ணுக்குத் தையல் மிஷின் எழுதிப் போடட்டா?"

"நாங்க நெய்றவங்க சார். வீட்ல தறி இருக்குது. அவன் வெளிய வரக்கூடாது, அதான் எங்களுக்கு வேணும்."

"தையல் மிஷின் சாங்ஷன் இருக்குது. அது மட்டும்தான் இப்ப இருக்குது" என்று சொல்லிவிட்டு, பெல்லை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஜாமீனை நிறுத்தக் கேட்டுப் போனவளுக்கு மிஷின் தருகிறார் மகாராஜா. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். அறிக்கை அவர் பேனாவில் இருந்ததால் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. கதவு தாழிட்டு, டியூப் லைட் போட்டு, வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்குத் தறியை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். திடீரென்று தறி நின்றது.

"முடிச்சு வந்துடுச்சு, கமலா" என்றார்.

"எந்த முடிச்சு?"

"அன்னிக்கு நாங்க போட்டது."

குனிந்து பார்த்தேன். நெய்ய நெய்ய பாவு முன்னால் நகர்ந்து வரும். பின்னால் போட்ட முடிச்சு ஒரு நாள் துணிக்குள் வந்துதானே ஆக வேண்டும்? முதல் ஐந்தாறு முடிச்சுகள் துணியில் ஏறியிருந்தன. கண்ணுக்குத் தெரிந்ததைவிட விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. மீதி முடிச்சுகள் அவற்றுக்குப் பின்னால், ஒரே சாய்வாக, பிளேடு போன வழியிலேயே வரிசையாக நின்றன.

"நெய்யுங்க" என்றேன். "இந்த வரிசை முழுக்கத் துணியில ஏறுற வரைக்கும் நெய்யுங்க."

செவ்வாய் முழுக்க நெய்தார். நானும் மாற்றி உட்கார்ந்தேன். புதன் காலையில் கடைசி முடிச்சும் ஏறிவிட்டது. மஞ்சள் பட்டில் இந்தக் கோடியிலிருந்து பாதி அகலம் வரைக்கும் ஒரு சாய்ந்த கோடு, விபூதியைக் கிள்ளித் தூவிய மாதிரி பொடிப் பொடியாக. நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வேணாம் கமலா" என்றார் வீட்டுக்காரர். "பாதிச் சேலைய யாராவது வெட்டுவாங்களா? இருவது வருஷத்துல நான் ஒரு தடவகூட வெட்டினதில்ல. பட்டு குடுத்த முதலாளிக்கு இன்னா பதில் சொல்றது?"

"கண்ணால பாத்தாதான் எழுதுவாராம். தறிய தூக்கிக்கினு போக முடியுமா? அவரு இங்க வருவாரா? நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

அவர் திரும்பிக்கொண்டார். நான் வெட்டினேன். பட்டு வெட்டுப்படும்போது ஒரு சத்தம் வரும், அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. மஹா சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை அவன் கை மாதிரி இருந்திருக்கும் அவளுக்கு. எனக்கே அப்படித்தான் இருந்தது.

துணியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மையத்துக்கு ஓடினேன். ஆலோசகர் போனில் இருந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்து ஒரு ஓரத்தைப் பிரித்துக் காட்டினேன். மஞ்சள் தெரிந்ததும் போனை அப்படியே காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது.

"இன்னாம்மா நீங்க, ஆபீஸுக்கே எடுத்துக்கினு வந்துட்டீங்க" என்றார் தணிந்த குரலில். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை மேஜை டிராயரைத் திறந்தது. பொட்டலம் உள்ளே போனது.

"முழுசாப் பிரிச்சுப் பாருங்க சார். இதுலதான் எல்லாம் இருக்குது."

"அதெல்லாம் நிதானமா பாத்துக்கறேன். புரியுதும்மா. சொல்லணுமா? வெள்ளிக்கெழம வாங்க, ரெடியா இருக்கும்."

சத்தியமாகச் சொல்கிறேன், வழியெல்லாம் அந்த ஆளை வாழ்த்திக்கொண்டே வந்தேன். பார்த்ததும் புரிந்துகொண்டாரே, நாம்தான் அவசரப்பட்டுத் திட்டிவிட்டோம் என்று கோயில் கோபுரம் தெரிந்த இடத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இந்த ஊரில் பட்டோடு ஆபீஸ் படி ஏறுகிறவள் எதற்கு ஏறுவாள் என்று ஒரு அதிகாரிக்குத் தோன்றும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை போனேன். பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. என்னைப் பார்த்ததும் மனுஷன் சீறினார்.

"வாம்மா. உங்கூரு பட்டுன்னா உலகமே வாயப் பொளக்குது. எனக்குன்னு வந்தா மட்டும் டேமேஜ் பீஸா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா சார் சொல்றீங்க?"

"எங்க வீட்ல ஆசையா பிளவுஸுக்குக் குடுத்தாங்க. தையக்கார அம்மா, அதான் ஜோஹரா கடை, வெட்டவே மாட்டேன்னு திருப்பி அனுப்பிடுச்சு. துணி பூரா முடிச்சாம். ஒண்ணு ரெண்டில்ல, வரிசையா நூத்துக்கணக்குல. யாரோ பாவ பிளேடால அறுத்திருக்காங்க, அத்த முடிச்சுப் போட்டு நெய்ஞ்சிருக்காங்கன்னு சொல்லுச்சாம். நானும் பாத்தேன். கண்ணு தெரியாதவன் தடவினாக்கூடத் தெரியும். அறுத்த பாவுல நெய்ஞ்சதக் கொண்டாந்து எங்கிட்ட தள்ளப் பாக்கறியா?"

என் மகள் ரத்தம் சிந்திய பாவு, என் வீட்டுக்காரர் இருபது வருஷ வைராக்கியத்தை விட்டுத் திரும்பி நின்ற பட்டு, இவன் பெண்டாட்டிக்கு ரவிக்கை. அட கர்மமே! எத்தனை பொன்னாடை போட்டாலும் உங்கள் தோள் நிறையாதா? காறித் துப்பத்தான் நாக்கு துடித்தது. அப்புறம் அவர் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக மண்டையில் இறங்கின. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

"இப்ப சொன்னீங்களே, அத்த அப்பிடியே எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"எத்த?"

"பாவ பிளேடால அறுத்திருக்குது. நூத்துக்கணக்குல முடிச்சு. கண்ணு தெரியாதவன் தடவினாக்கூடத் தெரியும். அதுக்குத்தான் நான் கொண்டாந்தேன். அது உங்க வீட்டுக்குப் போறதுக்கு இல்ல சார், கோர்ட்டுக்குப் போறதுக்கு."

அவர் டிராயரைத் திறந்து, வெறுமனே மூடினார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்சவேணியின் பேனா நின்றுவிட்டது.

"நீங்க குடுக்கும்போது சரியா சொல்லல" என்றார். சட்டென்று 'நீங்க' ஆகிவிட்டேன்.

"பிரிச்சுப் பாருங்கன்னு சொன்னேன். நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி டிராயர பிரிச்சிட்டீங்க."

"நான் அப்பிடி எதுவும் வாங்கல."

"வாங்கலைன்னா பிளவுஸ் எப்பிடி சார் தைக்கப் போச்சு? ஜோஹராவ இங்க கூப்பிடட்டா? எங்க தெரு முனையிலதான் இருக்குது."

கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு நல்ல துணி கொண்டுவாருங்கள், அதை இணைப்பில் வைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். சாட்சிக்குக்கூட ஷோரூம் பீஸ் கேட்கிற ஆள்! அதே துணி வேண்டும், திங்கட்கிழமை அவர் கையாலேயே கோர்ட்டுக்கு வர வேண்டும் என்றேன். அதற்குள் அம்சவேணி தபால் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "சார், மஞ்சள் பட்டுத்துணி ஒண்ணு, புதன்கெழம வந்ததுன்னு என்ட்ரி போட்டுட்டேன். உங்க கையெழுத்து வேணும்" என்றாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆலோசகர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். கையெழுத்துப் போட்டார். அறிக்கையும் எழுதினார். மூன்று வாரம் சர்வர் இல்லாத ஆபீஸில் முக்கால் மணி நேரத்தில் சீல் வைத்த அறிக்கை கைக்கு வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஜோஹரா கடைக்குள் நுழைந்தேன். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தாள்.

"அரே, மஞ்சளப் பாத்ததுமே சந்தேகம் கமலா. உங்க வீட்டு நிறம் எனக்குத் தெரியாதா? அளவு எடுத்து, துணி மேல சாக்பீஸ் கோடு போட்டுக்கினு வரேன், வெரல்ல தட்டுது. யா அல்லா, நான் கையக் கட்டின பொண்ணோட பாவுன்னு ஒடம்பு பதறிப்போச்சு. கத்தரியக் கீழ வெச்சிட்டேன்."

"கோட்ட அழிச்சிட்டியா?"

"அழிக்கலாமான்னு பாத்தேன். அழிக்கல" என்றாள்.

திங்கட்கிழமை கோர்ட்டுக்கு மஹா வர மாட்டேன் என்றாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. செருப்பு மாட்டும்போது அவளே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். வழி முழுக்க என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள், எல்கேஜி போகிற குழந்தை மாதிரி. உள்ளே விஷால் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். என் முந்தானை இறுகியது.

மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. அறிக்கையைப் படித்தார். அவன் வக்கீல் எழுந்து, நெய்யும்போது இழை அறுவதும் முடிச்சுப் போடுவதும் சகஜம்தானே, இதில் என்ன அதிசயம் என்றார். மாஜிஸ்திரேட் துணியைக் கேட்டார். ஆலோசகர் தூக்குக்குப் போகிறவர் மாதிரி நடந்துபோய் நீட்டினார்.

அந்த அம்மா துணியை மேஜையில் விரித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது என்ன, வெள்ளையா கோடு? வட்டமா கழுத்து மாதிரி, இங்க கை மாதிரி?"

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்தானை தளர்ந்தது.

"அது பிளவுஸ் அளவுங்க மேடம்" என்றாள் என் மகள். மூன்று வாரமாகத் தாழ்ப்பாளைப் பற்றியே கேட்டவள் வெளியாள் முன்னால் பேசிய முதல் பேச்சு. "எங்க வீட்ல யாருக்கும் அந்த அளவு இல்லீங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட் ஆலோசகரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "அத அப்புறம் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு மஹாவை அருகில் கூப்பிட்டார். "முடிச்சு எங்கம்மா இருக்கு?"

மஹா மேஜையருகில் போனாள். தழும்பு சிவந்திருந்த இடது கையைத் துணியில் வைத்தாள். "இங்கேருந்து ஆரம்பிக்குது மேடம். சும்மா அறுந்தா ஒண்ணு ரெண்டு அறும், அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கும். இது ஒரே கோடு. ஆறுநூத்திப் பன்னெண்டு முடிச்சு, தறியில இருக்கும்போதே எண்ணினேன். இது எங்கப்பா போட்ட முடிச்சு, தடவினாலும் அவ்ளோவா தெரியாது. இங்கேருந்து துளசி அக்கா, அவங்க முடிச்சோட வால நீளமா விடுவாங்க. எட்டுப் பேரு போட்டாங்க, யாரு எதுன்னு நான் சொல்லுவேன். எட்டுப் பேரும் வந்து சொல்லுவாங்க. இங்க வந்து கோடு நிக்குது பாருங்க, இந்த எடத்துலதான் நான் கைய வெச்சேன்."

மாஜிஸ்திரேட் தன் விரலால் அந்தக் கோட்டின் மேலேயே கடைசி வரை தடவிப் பார்த்தார். கோடு நின்ற இடத்தில் அவர் விரலும் நின்றது. மஹாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விஷால் இப்போது முடியைக் கோதவில்லை. ஜாமீன் மனு தள்ளுபடி. எட்டுப் பேரிடமும் வாக்குமூலம் வாங்க வேண்டும், பட்டுத்துணி கோர்ட்டிலேயே இருக்க வேண்டும், சாக்பீஸ் கோட்டை யாரும் துடைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

வராண்டாவில் வீட்டுக்காரர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலேயே வந்தார் ஆலோசகர். வேறு மனுஷனாக இருந்தால் பின்வாசல் வழியாக ஓடியிருப்பான். இவர் பல்லை இளித்துக்கொண்டு வருகிறார்.

"ரொம்ப சந்தோஷம்மா. பாத்தீங்களா, மையம் கைவிடல. அடுத்த மாசம் நம்ம ஆண்டு விழா வருது. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்தெல்லாம் வராங்க. பாப்பா நல்லா பேசுது. மேடையில ஏறி, மையம் எனக்கு எப்பிடித் தோள் குடுத்துச்சுன்னு நாலு வார்த்த பேசினா நல்லா இருக்கும்."

நான் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மஹா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"பேசறேன் சார்" என்றாள். "அன்னிக்கு மட்டும் அந்தத் துணிய கோர்ட்ல கேட்டு வாங்கி எடுத்துக்கினு வரட்டுமா? உங்க வீட்ல ஆன்ட்டியையும் வரச் சொல்லுங்க, அளவு சரியா இருக்குதான்னு பாத்துடலாம்."

அவருக்கு அவசரமாக யாரோ போன் செய்தார்கள் போலிருக்கிறது. மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

"வாம்மா" என்றாள் மஹா. என் முந்தானையைப் பிடிக்காமல், எனக்கு முன்னால் படியிறங்கினாள். கேட்டுக்கு வெளியே நின்று திரும்பி, துணி வெட்டிய தறியில் பாவை மறுபடி பிணைக்க இன்றைக்கே துளசி அக்காவைக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு வைப்பதற்குள் முடியாது, வாசல் கதவைத் திறந்து வைத்தால்தான் வெளிச்சம் வரும் என்றாள்.